கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றவர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு வருஷமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். மூன்று தடவை நோட்டு வாங்கினேன். ஒன்று ஆட்டோ சீட்டுக்கு அடியில் மழையில் ஊறிப்போனது. ஒன்றில் என் வீட்டுக்காரி கோலம் போட்டுப் பார்த்துவிட்டாள். மூன்றாவதில் "அண்ணாமலையார் துணை" என்று எழுதி மூடி வைத்தவன்தான். எழுத வராது என்றில்லை. எட்டாவது வரை படித்திருக்கிறேன். தீபத்துக்கு எங்கள் ஆட்டோ ஸ்டாண்டில் வைக்கிற தட்டிக்கு வாசகம் எழுதித் தருகிறவனே நான்தான். ஆனால் அந்தம்மாவைப் பற்றி எழுதினால் நான் செய்ததையும் எழுத வேண்டும். அதுதான் கை வரவில்லை. போன பௌர்ணமிக்கு மலை சுற்றி முடித்து ராஜகோபுரத்துக்கு எதிரே கற்பூரம் ஏற்றும்போது, எழுதிவிடுகிறேன் சாமி என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு பின்வாங்கக் கூடாது.

அந்தம்மாவின் பெயரை எழுதவில்லை. அவரைக் கேட்காமல் எழுதுவது மரியாதை இல்லை.

எனக்கு ஊர் அடி அண்ணாமலை. மலை சுற்றுகிற பாதையிலேயே வீடு. ஆட்டோ ஓட்டுகிறேன். வேங்கிக்காலில் ஒரு மாடியில் அறை எடுத்துத் தங்கியிருந்த அந்தம்மாவைக் காலையில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய்வர மூன்று மாதத்துக்குப் பேசியிருந்தார்கள். முப்பது, முப்பத்திரண்டு வயசு இருக்கும். சென்னை. முதல் நாளே கேட்டுவிட்டேன்.

"இன்னா வேலை மேடம் உங்களுக்கு?"

"ஜனங்க போனை எப்படித் தொடுறாங்கன்னு பாக்கற வேலைண்ணா."

"அதுக்குக் கூட சம்பளம் தராங்களா?"

"தராங்கண்ணா. எனக்கே ஆச்சரியமாத்தான் இருக்கு."

போகப் போகத்தான் புரிந்தது. சர்க்கரை, பிரஷர் இருக்கிறவர்கள் வேளைக்கு மாத்திரை போட ஞாபகப்படுத்துகிற ஆப் ஒன்றை அவர் கம்பெனி செய்துகொண்டிருந்தது. அதில் எந்தப் பட்டன் எங்கே இருக்க வேண்டும், என்ன கேள்வியை எப்படிக் கேட்க வேண்டும் என்று வீடு வீடாகப் போய்ப் பார்த்துச் சொல்வது அந்தம்மாவின் பொறுப்பு. சில வீடுகளில் மட்டும் முதலில் போட்டுப் பார்த்தார்கள்.

அவரிடம் ஒரு பழக்கம். போனை வீட்டுக்காரர்கள் கையில் கொடுத்ததும் இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொள்வார். சன்னதியில் நிற்கிற மாதிரி அப்படியே நிற்பார். அவர்கள் தடுமாறுவார்கள், தப்பான இடத்தில் தொடுவார்கள், நிமிர்ந்து இவர் முகத்தைப் பார்ப்பார்கள். இவர் சிரிப்பார். வாயைத் திறக்க மாட்டார். எனக்கு முதல் வாரம் முழுக்க எரிச்சல். படித்த திமிர் என்றுதான் நினைத்தேன்.

கீழ்பென்னாத்தூர் தாண்டி ஒரு ஊரில் ஒரு பெரியம்மா மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தது. வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். நாள் முழுக்கத் தோல் உடைத்து விரல் நுனி எல்லாம் காய்த்து, செம்மண் புழுதி ஏறி, தேங்காய் ஓடு மாதிரி இருந்தது. அந்த விரலை போன் கண்ணாடி வாங்கவே இல்லை. பெரியம்மா அழுத்தி அழுத்திப் பார்த்தது. அழுத்த அழுத்த அது வேறு எங்கேயோ போயிற்று.

"எங் கை ராசி அப்படிம்மா. நான் தொட்டா எதுவும் வேலை செய்யாது" என்று சிரித்தது. சிரிப்பில் வெட்கம்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "இப்படிக் குடு பெரிம்மா" என்று கையை நீட்டிவிட்டேன். அந்தம்மா என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். கையை இழுத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது சொன்னார்: "இன்னைக்கு நீங்க தொட்டுக் குடுத்துருவீங்கண்ணா. நாளைக்கு யாரு தொட்டுக் குடுப்பாங்க? அவங்க தடுமாறும்போது நான் கையை நீட்டிட்டா, பட்டன் தப்பா இருக்கறது எனக்குத் தெரியாமலே போயிடும். அதான் கையைக் கட்டிக்கறேன். எனக்கும் நீட்டணும்னு துடிக்கும்."

இன்னொரு பழக்கமும் உண்டு. திரும்ப வாங்கின போனை உடனே துடைக்க மாட்டார். வெயிலில் சாய்த்துப் பிடித்துக் கண்ணாடியைப் பார்ப்பார். எந்த இடத்தில் விரல் பதிந்திருக்கிறது, எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்று நோட்டில் படம் போட்டுக் குறிப்பார். ஒரு வீட்டில் கோலமாவு, ஒரு வீட்டில் மஞ்சள், ஒரு வீட்டில் இட்லி மாவு.

"கைரேகை ஜோசியம் பாக்கற மாதிரி இருக்குதே மேடம்" என்பேன்.

"ஜோசியம்தாண்ணா. நடந்து முடிஞ்சதை மட்டும் சொல்ற ஜோசியம்."

யாராவது "தப்பா தொட்டுட்டேம்மா" என்றால் போதும், "தப்பு உங்க வெரல்ல இல்லீங்க, எங்க கேள்வியில" என்பார். ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்வார். நானே ஸ்டாண்டில் அதைச் சொல்லிக் கிண்டல் பண்ணியிருக்கிறேன்.

அவர் எங்கள் வீட்டுக்கு முதல் தடவை வந்தபோது என் வீட்டுக்காரி வாசலிலேயே, "வாம்மா, சாப்ட்டியா?" என்று கேட்டாள். அந்தம்மா, "இல்லக்கா, இன்னும் சாப்பிடல" என்றார். நானும் என் வீட்டுக்காரியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் பக்கம் யாரும் அந்தக் கேள்விக்கு அப்படிப் பதில் சொன்னதில்லை. பசியில் கண் இருண்டாலும் "ஆச்சுங்க" என்போம். என் வீட்டுக்காரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இது நம்ம வூட்டுப் பொண்ணுங்க" என்று சொல்லி தோசைக்கல்லை வைத்தாள். அன்றிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் அக்கா தங்கச்சி.

என் வீட்டுக்காரிக்குச் சர்க்கரை. அதனால் அந்த ஆப்பை எங்கள் போனிலும் போட்டார்கள். தினம் காலை எட்டு மணிக்கு மணி அடிக்கும். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கும். கீழே இரண்டு பட்டன். பச்சையில் "ஆச்சு", சிவப்பில் "இல்லை". பச்சையைத் தொட்டால் மாத்திரைப் படம் வந்து "இப்போது போடுங்கள்" என்று சொல்லும். சிவப்பைத் தொட்டால் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அடிக்கும். எதையும் தொடாவிட்டால் விடாமல் அடித்துக்கொண்டே இருக்கும்.

இனிமேல்தான் எழுதக் கஷ்டமான இடம்.

அன்றைக்குப் பௌர்ணமி. என் வீட்டுக்காரி பௌர்ணமி தவறாமல் விரதம் இருப்பாள். மலை சுற்றி முடித்துத்தான் வாயில் தண்ணீருக்கு மேல் எதுவும் படும். அதை யாரிடமும் சொல்ல மாட்டாள். விரதத்தை வாயால் சொன்னால் பலன் போய்விடும் என்பது அவள் எண்ணம். காலையில் நான் குளித்து, திருநீறு பூசி, பூஜையில் உட்கார்ந்திருந்தேன். அவள் பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. விட்டேன். மறுபடி அடித்தது. தேவாரம் பாதியில் நிற்கிறது, இது அடித்துக்கொண்டே இருக்கிறது. எழுந்து போய்ப் பார்த்தேன். "சாப்பிட்டீங்களா?" சிவப்பைத் தொட்டால் மறுபடி அடிக்கும் என்று எனக்குத் தெரியும். பச்சையைத் தொட்டேன். போன் வாய் மூடிற்று. நான் பூஜைக்குத் திரும்பிவிட்டேன்.

துணி உலர்த்திவிட்டு வந்தவள் போனைப் பார்த்தாள். மாத்திரைப் படம். "இப்போது போடுங்கள்." டாக்டரே சொல்கிற மாதிரி அவளுக்கு அது. விரதமாச்சே என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கிறாள். போடச் சொல்லுதே, காரணம் இருக்கும் என்று தண்ணீரில் விழுங்கிவிட்டாள். எனக்குத் தெரியாது.

மதியத்துக்கு மேல் ராஜகோபுரத்திலிருந்து மலை சுற்றக் கிளம்பினோம். அந்தம்மாவும் அன்றைக்கு எங்களோடு நடக்கிறேன் என்று வந்திருந்தார். வாயு லிங்கம் தாண்டும்போதே என் வீட்டுக்காரி பேச்சு குறைந்தது. குபேர லிங்கத்துக்குக் கிட்டே போகும்போது கை நடுங்கி, சேலையெல்லாம் வேர்வையில் நனைந்து, என்னை யாரோ மாதிரிப் பார்த்தாள். நான் வெயில் என்று நினைத்தேன். அந்தம்மாதான் அவளைப் பிடித்து உட்கார வைத்து, "அக்கா, காலையில மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டார். தலை ஆடிற்று. "சாப்பிட்டீங்களா?" அந்த நிலைமையிலும், "ஆச்சும்மா" என்றாள்.

அந்தம்மா என் முகத்தைப் பார்த்தார். "விரதம்" என்றேன்.

எதிரே கரும்புச்சாறுக் கடை. ஓடிப்போய் வாங்கிவந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார். ஆம்புலன்ஸுக்கும் அவரே பேசினார். அன்றைக்கு அவர் கை பின்னால் போகவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "சாப்பிடாம மாத்திரை போட்டு இவ்ளோ தூரம் நடந்தா சர்க்கரை இறங்காம இன்னா பண்ணும்? இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா ஆபத்தாயிருக்கும்" என்றார். எனக்குப் பயமெல்லாம் கோபமாக மாறிவிட்டது. நடையில் நின்றிருந்த அந்தம்மாவிடம், நாலு பேர் பார்க்கக் கத்தினேன்.

"உங்க போன் போடச் சொல்லித்தான் போட்டா! அவ போயிருந்தா யார் பதில் சொல்றது? நீங்க கையைக் கட்டிக்கினு நிப்பீங்க!"

நான் ஓய்ந்த பிறகு அந்தம்மா, "அண்ணா, காலையில போன் கேட்டப்ப யாரு தொட்டது?" என்று மட்டும் கேட்டார்.

"அவளேதான்" என்றேன்.

அவ்வளவுதான். இத்தனை வருஷம் எழுதக் கை வராத சொல் அது. கதவுக்கு அந்தப் பக்கம் கட்டிலில் என் வீட்டுக்காரி படுத்திருந்தாள்.

அந்தம்மா எங்கள் போனைக் கேட்டு வாங்கினார். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வழக்கம்போல வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். நோட்டில் எதுவும் எழுதவில்லை. என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

என் வீட்டுக்காரி தேறி வந்து, நான் மறுபடி ஆட்டோ எடுத்தேன். போகவே கூச்சமாக இருந்தது. அந்தம்மா எப்போதும் போல ஏறி உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனதும் அவருக்குச் சென்னையிலிருந்து மேலதிகாரி போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"அந்த லேடி சாப்பிடாமலே சாப்பிட்டதா பொய் சொல்லியிருக்காங்க. நாம என்ன பண்ண முடியும்? நோயாளி தவறான தகவல் கொடுத்தார்னு ஒரு வரி எழுதி ரிப்போர்ட்டை முடி. அடுத்த மாசம் மாவட்டம் பூரா ஆரம்பிக்கணும்."

"அந்த வரியை நான் எழுத மாட்டேன் சார்."

"நீ எழுதலைன்னா வேற ஒருத்தர் எழுதுவாங்க. உன் இடத்துக்கும் வேற ஒருத்தர் வருவாங்க."

"வரட்டும் சார். அதுக்கு முன்னாடி நீங்க ஒரே ஒரு காலையில இங்க வாங்க. அதுவரைக்கும் நான் கையெழுத்துப் போடல."

என் வீட்டுக்காரியைப் பொய்க்காரி என்று ஒருவர் சொல்ல, நான் ஆக்ஸிலேட்டரை முறுக்கிக்கொண்டு ரோட்டையே பார்த்தேன். அந்தப் பொய் என்னுடையது.

மறுநாளிலிருந்து காலை ஆறரைக்கே கிளம்பினோம். பத்து நாள் விடாமல் போனோம். ஒவ்வொரு வாசலிலும் அந்தம்மா கேட்கிற முதல் கேள்வி, "சாப்பிட்டீங்களா?" எல்லா வாசலிலும் ஒரே பதில், "ஆச்சும்மா." கொஞ்ச நேரம் பேசிவிட்டு, "அடுப்பு பத்த வெச்சாச்சா?" என்று கேட்பார். "இனிமேதாம்மா." இரண்டு பதிலையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிக்கொள்வார். ஒரு பெரியவர் வாயில் வேப்பங்குச்சியோடு, பல் விளக்கிக்கொண்டே "ஆச்சும்மா, நீ சாப்ட்டியா?" என்றார். சொல்லிவிட்டுத்தான் துப்பினார் பாவம். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அந்தம்மா சிரிக்கவில்லை.

"இதுல ஒருத்தர் கூட பொய் சொல்லலண்ணா. வீட்டுக்கு வந்தவங்க மனசு சங்கடப்படக் கூடாதுன்னு சொல்றாங்க. நாங்க அதைப் போய் மருந்துக் கேள்வியா வெச்சிருக்கோம்" என்றார்.

மேலதிகாரி ஒருநாள் ராத்திரியே சென்னையிலிருந்து காரில் கிளம்பி விடியற்காலையில் வந்து சேர்ந்தார். ஊருக்குள் கார் போகாது என்று என் ஆட்டோவில் ஏறினார். ஏறினதுமே, "டிரைவர், இங்க டிபன் எங்க நல்லா இருக்கும்? பசி உயிர் போகுது" என்றார். "வர்ற வழியில பாத்துக்கலாம் சார்" என்றேன்.

அந்தம்மா நேராக அந்த மல்லாட்டைப் பெரியம்மா வீட்டுக்கே போகச் சொன்னார். பெரியம்மா அப்போதுதான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தது.

"நீங்களே கேளுங்க சார்" என்று அந்தம்மா ஒதுங்கி நின்றார். கை பின்னால் போயிற்று.

"சாப்பிட்டீங்களாம்மா?" என்றார் அவர்.

"ஆச்சுங்க சார்." வாளியைக் கீழே வைத்துவிட்டு பெரியம்மா திருப்பிக் கேட்டது: "நீங்க சாப்ட்டீங்களா?"

"ஆச்சும்மா, ஆச்சு" என்றார் அவர்.

எனக்கு இருமல் வந்துவிட்டது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அந்தம்மாவைப் பார்த்தார். அந்தம்மா கையை அவிழ்க்கவில்லை. மேலதிகாரியின் காது மடல் சிவந்துபோயிற்று.

"கேள்வியை மாத்து" என்றார்.

"அந்த ஒரு வரி சார்?"

"அது வேணாம்."

பெரியம்மாவுக்கு எதுவும் புரியவில்லை. "பசியோட இருக்கற மாதிரி இருக்குதே சார், கொஞ்சம் மல்லாட்டை வேவிச்சுத் தரட்டா?" என்றது. உட்கார்ந்து தின்றுவிட்டுத்தான் வந்தார்.

புதுக் கேள்வி எங்கள் சமையலறையில்தான் உருவானது. அந்தம்மா நோட்டுத் தாளைக் கிழித்துக் கிழித்துப் படம் வரைந்து, போன் மாதிரி என் வீட்டுக்காரி முன்னால் வைப்பார். "இன்னைக்கு முதல்ல என்ன சாப்பிட்டீங்க?" என்று கேள்வி. டீ, இட்லி, கஞ்சி, சோறு என்று படங்கள். என் வீட்டுக்காரி எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தாள்.

"சரி, விரத நாள்ல எதைத் தொடுவீங்கக்கா? 'விரதம்'னு ஒண்ணு எழுதட்டுமா?"

"எழுதாதம்மா. அதை நான் தொட மாட்டேன். விரதம்னு சொல்லிக்கறது எப்படி?" கொஞ்ச நேரம் யோசித்தாள். "ஒரு வெளக்குப் படம் போடு. காமாட்சி வெளக்கு. அதைத் தொட்டுக் கும்பிட்டுக்கறேன். புரிஞ்சிக்கறவங்க புரிஞ்சிக்கட்டும்."

அந்தம்மா அந்தத் தாளை மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. விளக்கைத் தொட்டால் "இப்போது மாத்திரை வேண்டாம், நர்ஸ் பேசுவார்" என்று வருகிற மாதிரி, டாக்டரைக் கேட்டுச் செய்தார்கள்.

வேலை முடிந்து அவர் ஊருக்குக் கிளம்பின நாள், பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டேன். பையை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சொல்லிவிட்டேன். "மேடம், அன்னைக்குப் பச்சையைத் தொட்டது அவ இல்ல. நான்தான்."

"தெரியும்ண்ணா" என்றார். "பச்சை பட்டன் மேல திருநீறு இருந்துச்சு. அக்கா திருநீறு எடுக்க மாட்டாங்களே, குங்குமம்தானே வெப்பாங்க."

"அப்புறம் ஏன் மேடம் சொல்லல? நான் உங்களை அத்தனை பேர் எதிர்ல..."

"சொல்லியிருந்தா உங்க பேரை எழுதிக்கினு, கேள்வியை அப்படியே விட்டிருப்பாங்கண்ணா." என் ஊர்ப் பேச்சு அவருக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. "அடுத்த பௌர்ணமிக்கு வேற ஒரு அக்கா விழுந்திருப்பாங்க."

பஸ் வந்துவிட்டது. ஏறிப் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரியிடமும் சொன்னேன். அவள் கீரை ஆய்வதை நிறுத்தவில்லை. "எனக்கு அன்னிக்கு மயக்கம்தாங்க. காது செவுடில்ல" என்றாள். கொஞ்சம் கழித்து, "சொல்றதுக்கு இவ்ளோ நாளாச்சா உங்களுக்கு?" என்றாள். அதுதான் அவள் கொடுத்த தண்டனை.

இப்போதும் காலை எட்டு மணிக்குப் போன் கேட்கிறது. பூஜையில் இருந்தாலும் எழுந்து போய் அவளிடம் கொடுத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன். பௌர்ணமி அன்று விளக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். அஞ்சு நிமிஷத்தில் நர்ஸம்மா பேசுகிறார்.

எங்கள் ஸ்டாண்டில் இந்தக் கதையைப் போன் கெட்டுப்போய் ஒரு பொம்பளையைக் கொல்லப் பார்த்தது என்று சொல்கிறார்கள். பாதையில் கடை வைத்திருப்பவர்கள், அண்ணாமலையாரே பொண்ணு ரூபத்தில் வந்து கரும்புச்சாறு கொடுத்தார் என்கிறார்கள். அண்ணாமலையார் அருள் இல்லாமல் ஒன்றும் நடக்காது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வந்தது ஒரு பெண். சம்பளத்துக்கு வேலை பார்த்த பெண். அந்தச் சம்பளம் போனாலும் போகட்டும் என்று நின்ற பெண்.

படிக்கிறவர்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். நாலு பேரிடம் இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது எதையும் கூட்ட வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அவரைச் சாமியாக்க வேண்டாம். என் வீட்டுக்காரியைப் பொய் சொன்னவள் ஆக்க வேண்டாம். என் மேல் இரக்கப்பட்டு நான் தொட்ட இடத்தை மட்டும் துடைத்துவிடவும் வேண்டாம். கண்ணாடியில் இருந்த திருநீறு அப்படியே இருக்கட்டும்.